அளந்து பாராத அளவு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது முன்னோர் வாக்கு. கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இவ்வறிவுரை முற்றும் பொருந்துவதாகும்.

நிரல் என்பது பல சிறு செயற்கூறுகளால் ஆனது. ஒரு செயற்கூறு தான் கையாளவேண்டிய தரவையும், அதன் அளவையும், தன்னை அழைக்கும் மற்றொரு கூற்றிடமிருந்து பெறுகின்றது. 'சி' என்னும் மொழியில், நினைவகத்தின் ஓரிடத்திலுள்ள பைட்டுகளை மற்றோரிடத்திற்குப் படியெடுக்கும் கூறு, தனக்குச் சொல்லப்பட்ட அளவு மெய்யோ பொய்யோ என்று ஆராய்வதில்லை, சொன்னபடியே எடுத்துவிடும். ஆராயும் பொறுப்பு நிரலை எழுதுவோரையே சாரும்.

அப்பொறுப்புத் தவறினால் விளைவது யாது? 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் உலகறிய வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் குறை இதற்குத் தக்க சான்றாகும். இணையத்தில் இரகசியமாகச் செல்லவேண்டிய செய்திகளைக் காப்பது 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் மென்பொருள். 2012 மார்ச்சில் வெளிவந்த அதன் பதிப்பிலேயே அக்குறை புகுந்திருந்தது.

தொடர்பு அறாமல் இருக்கின்றதா என அறிய, ஒரு கணினி சிறு சொல் ஒன்றையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மற்றது அச்சொல்லையே திருப்பி அனுப்பும். வஞ்சகன் ஒருவன் ஒரே எழுத்தை அனுப்பி, அதன் நீளம் பல்லாயிரம் பைட்டுகள் என்று கூறினால்? எதிர்க்கணினி அதனை அளந்து பாராமல் நம்பிற்று. அவ்வெழுத்தோடு, அடுத்து நினைவகத்தில் இருந்தவற்றையும் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட்டு வரை அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொற்களும் மறைகுறிச் சாவிகளும் அவ்வழியே வெளியேறக்கூடியனவாயின. கனடாவின் வருமான வரி நிருவாகத்திலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி எண்கள் களவு போயின.

பரிகாரமோ சில வரிகளே. கூறப்பட்ட நீளம் உண்மையில் வந்துசேர்ந்த செய்திக்குள் அடங்குமா என்று முதலில் ஒப்பிடுதல். அடங்காவிடில் மறுமொழியின்றி அதனைத் தள்ளிவிடுதல்.

எங்கும் எதனையும் சோதித்தால் வேகம் குன்றும், நிரலும் பருக்கும் என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. ஒரே வீட்டின் அறைக்கு அறை காவல் வேண்டியதில்லை. ஆயினும் அயலார் வந்து புகும் தலைவாயிலிற் காவல் இன்றியமையாதது. வெளியிலிருந்து வரும் எண் எதுவும், சோதிக்கப்படுமுன் நினைவகத்தைத் தொடலாகாது.

கனடாவில் எண்ணை இழந்த அந்த 900 பேரும் நம்பியிருந்தது, எவரோ முன்னமே அளந்து பார்த்திருப்பார் என்பதைத்தான்.