ஐந்து மிதிகள் கொண்ட பியானோ

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இசை மாலையில் ஆற்றிய உரை)

 

இசையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன்; ஹார்மோனியத்தின் துருத்தியைக் கழற்றி ஒட்டிப் பழகியவன். ஆகவே, என் கையால் தொட்டுப் பார்த்த ஒரு பழைய பியானோவைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

2019-ஆம் ஆண்டு அமெரிக்காவில் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். அவருடைய கூடத்தில், சுவரோரமாக நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ ஒன்று இருந்தது. நியூயார்க்கில் 1868-இல் தொடங்கப்பட்ட விங் அண்ட் சன் என்னும் நிறுவனத்தின் தயாரிப்பு அது. பியானோவுக்கு வழக்கமாக இரண்டு அல்லது மூன்று மிதிகள்தாம் இருக்கும். இதற்கோ ஐந்து!

ஏன் ஐந்து? அக்காலத்தில் அமெரிக்க வீடுகளில் வானொலி கிடையாது. இசை வேண்டுமானால் வீட்டிலுள்ள ஒருவர் வாசித்தாக வேண்டும். 1909-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன. மாண்டலின் மோகமும் அப்போது பரவியிருந்தது. தங்கள் பியானோவில் மாண்டலின், கித்தார், யாழ், பாஞ்சோ முதலிய வாத்தியங்களின் ஒலியையும் எழுப்பலாம் என்று இந்நிறுவனத்தார் விளம்பரம் செய்து, தபால் வழியாகவே வீடுகளுக்கு விற்றார்கள். இது முற்றிலும் புதிய எண்ணம் என்று சொல்வதற்கில்லை. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வியன்னாவில், மிதியை மிதித்தால் முரசும் மணியும் ஒலிக்கும் பியானோக்கள் இருந்தன.

உள்ளே இருந்த சூட்சுமம் எளியது. பியானோவில் கட்டையை அழுத்தினால், கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் ஒன்று தந்தியை அடிக்கிறது. சுத்தியலுக்கும் தந்திக்கும் இடையே, நீண்ட மரச்சட்டம் ஒன்றில் சின்னஞ்சிறு நாக்குகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் உலோகம் பதித்திருக்கும். மிதியை அழுத்தினால் சட்டம் இறங்கும். சுத்தியல் நாக்கைத் தட்டும். உலோகம் தந்தியில் படும். உடனே ஒலி மென்மையை இழந்து, கம்பியை மீட்டியது போல் கணீரென்று கேட்கும். விரலை வேகமாகத் திரும்பத் திரும்ப அடித்தால் அது மாண்டலின்.

நான் பார்த்தபோது இரண்டு மிதிகள்தாம் வேலை செய்தன. முன்னொரு காலத்தில் பழுது பார்க்க வந்த யாரோ, இது தொல்லை என்று கருதிச் சட்டத்தைக் கழற்றிவிட்டிருக்கிறார். அவர் மீதும் முழுக் குற்றமில்லை. உலோக நுனிகள் சுத்தியலின் கம்பளியைத் தேய்த்து வெட்டிவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்த மூதாட்டி சொன்னார்: "என் பாட்டி வாசித்தால் மாண்டலின் கேட்கும். சிறு வயதில் கேட்டது. இன்னொரு முறை கேட்க வேண்டும்."

பியானோ வேலையில் தேர்ந்த முதியவர் ஒருவர் வந்தார். நான் அவருக்குக் கையாளாக இருந்தேன். அடிப்பலகையைத் திறந்ததும், அந்தச் சட்டம் தூசிக்குள்ளே பத்திரமாகக் கிடந்தது! கழற்றியவர் எறியாமல் உள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாக்குகளை அந்துப்பூச்சி தின்றிருந்தது. உலோக நுனிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றைப் பொறுக்கித் துடைத்து, புது நாக்குகளில் பதித்தோம்.

எனக்கோ உடனே சுருதி கூட்டிப் பார்க்க ஆசை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பியானோவில் ஏறத்தாழ 220 தந்திகள் உள்ளன. அவை அனைத்தும் சேர்ந்து இழுக்கும் விசை பதினெட்டு டன் அளவுக்கு இருக்கும். அதைத் தாங்குவது உள்ளேயிருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம். நூறாண்டுப் பழந்தந்தியை ஒரே நாளில் முறுக்கினால் அறுந்துபோகும். ஆகவே பல வாரங்களில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். இறுதியில் இன்றைய சுருதிக்குச் சற்றுத் தாழ்த்தியே நிறுத்தினோம்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். பிரிந்த மரப் பாகங்களை ஒட்ட அவர் இக்காலப் பசையைத் தொடவில்லை. நம் ஆசாரிமார் பயன்படுத்திய வஜ்ஜிரம் போன்ற பசையையே காய்ச்சினார். காரணம் கேட்டேன். "இது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். எனக்குப் பின் பழுது பார்ப்பவன் மரத்தை உடைக்காமல் பிரிக்க வேண்டுமல்லவா?" என்றார். நம் வேலையே கடைசி வேலை என்று எண்ணாத அந்த மனம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வேலை முடிந்த அன்று மூதாட்டி அமர்ந்து மிதியை அழுத்தி வாசித்தார். உண்மையைச் சொல்கிறேன், அது முழு மாண்டலின் அன்று. சற்றுக் கரகரத்த ஒலிதான். அவரோ பாதியில் நிறுத்திவிட்டு, கட்டைகளின் மேல் கை வைத்தபடி வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இதுதான்" என்றார். சுத்தியல் தேயுமே என்று, விசேஷ நாட்களில் மட்டும் அம்மிதியைத் தொடுவதாக எங்களிடம் ஒப்புக்கொண்டார்.

அன்பர்களே! நம் பாடற்குழு மாடத்திலும் பழைய ஹார்மோனியம் ஒன்று துணி மூடிக் கிடக்கிறது. அதன் முகப்பிலுள்ள குமிழ்கள் எதற்கு என்று நம்மில் பலருக்குத் தெரியாது. பொன்விழாவை முன்னிட்டு மாடத்தைச் சுத்தம் செய்கையில் அதை விலைக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அவசரப்பட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். என்னவென்று தெரியாத பாகத்தை எறியும் முன், அதை வாசித்துக் கேட்டவர் யாரேனும் இருக்கிறாரா என்று முதலில் விசாரிப்போம். துருத்தியை ஒட்டித் தர நான் இருக்கிறேன்.