வெம்மையில் தழைக்கும் உயிர்
(தேவனாம்பட்டினத்தில் ஆற்றிய பொழிவின் சுருக்கம்)



தென்மொழி 1959இல் முகிழ்த்த கடலூர் மண்ணில் நின்று நுண்ணுயிரியல் பேச வந்துள்ளேன். அறிவியலைத் தமிழால் சொல்லவியலாது என்பார்க்குச் சொல்லிக் காட்டுதலே தக்க விடை.

ஈழத்துத் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. ஒவ்வொன்றிலும் வெம்மை சற்றே வேறுபடும். இமயச் சாரலின் மணிகரணிலோ ஊற்றுநீரிலேயே சோறு ஆக்குவர். இத்தகு வெந்நீரில் உயிர் வாழுமோ? வாழும், தழைக்கவும் செய்யும்.

அமெரிக்காவின் எல்லோசுட்டன் ஊற்றொன்றில் தாமசு பிராக்கு பிரித்தெடுத்துத் தம் மாணவருடன் 1969இல் அறிவித்த வெம்மைவிரும்பி, ‘தெர்மசு அக்குவாட்டிக்கசு’. ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழ் அது வளராது. 70 பாகையில் 50 மணித்துளிக்கு ஒருமுறை இரட்டிக்கும். 79 பாகையைக் கடந்தால் வளர்ச்சி நின்றுபோம். ஏறுமுகத்திற்கு 30 பாகை, இறங்குமுகத்திற்கு ஒன்பதே! ஏன்? வெம்மை ஏறஏற உயிரணுவின் வினைகள் விரைவுறும். எல்லை கடந்தாலோ நொதிகள் கட்டவிழ்ந்து சிதையும்.

புதிய ஊட்டநீரில் இட்டவுடன் அது பெருகிவிடாது. முதலில் தயங்குநிலை: தனக்கு வேண்டும் நொதிகளை ஆக்கிக்கொள்ளும். அடுத்துப் பெருகுநிலை: ஒன்று ஐந்து மணி நேரத்தில் அறுபத்துநான்காகும். உணவு குறைந்து கழிவு மிகுங்கால் தேங்குநிலை, முடிவில் தேய்நிலை. இந்நான்கு சொற்களுள் எது விளங்கவில்லை? உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் விளங்குமன்றோ!

95 பாகை வெம்மையிலும் இதன் நொதி உடனே சிதையாது. கேரி முல்லிசு 1983இல் கண்ட மரபிழைப் பெருக்கமுறைக்குப் பின்னர் இந்நொதியே உயிர்நாடியாயிற்று. 1993இல் அவர்க்கு நோபல் பரிசு கிட்டியது. 2020இல் கொரோனா என்னும் மகுடைத் தொற்றைக் கண்டறியப் பயன்பட்டதும் அம்முறையே.

இவற்றையெல்லாம் அயல்மொழியில் நெட்டுருச் செய்யும் நம் மாணவர், வளர்ச்சிக் கோட்டைப் பிழையற வரைகின்றார். அதன் பொருளைத் தம் தாய்க்கு எடுத்துரைக்க மாட்டாது நிற்கின்றார். இஃது அறிவின் குறையன்று, பயிற்றுமொழியின் குறை. கன்னியாவில் தம் வழிபாட்டுரிமைக்காகத் தமிழர் 2019இல் போராடினர். மண்ணைக் காப்பதோடு, அம்மண்ணின் நீரையும் உயிரையும் பற்றிய அறிவையும் நம் மொழியில் ஆக்கிக் காத்தல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, கிழமைக்கு ஒரு பாடமேனும் தமிழில் நடத்துங்கள்! மாணவர்களே, உங்கள் செய்முறைக் குறிப்பைத் தமிழிலும் எழுதுங்கள்! தமிழ்வழி உயர்கல்வி இன்று தயங்குநிலையில் உளது. தயக்கம் ஆற்றலின்மையன்று, கருவி செய்துகொள்ளும் காலம். கருவிகளாம் சொற்களை ஆக்குவோம். பெருகுநிலை தானே வரும்.

வெல்க தமிழ்!