தாலாட்டில் இருப்பது யாருடைய வீடு?

அறிஞர்களே, ஆய்வு மாணவர்களே, இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இடையஞ்சாவடித் தாய்மார்களே, வணக்கம்.

ஒரு தாய் வளர்ந்த விதம் அவள் பிள்ளையை வளர்க்கும் விதத்தில் எப்படி இறங்குகிறது என்பதைத்தான் இந்தக் கருத்தரங்கில் பேசப்போகிறோம். ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்று பழமொழி ஒரே மூச்சில் முடித்துவிட்டது. நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டது யார் என்று அது கேட்கவில்லை. நமக்கு வேலை அங்கேதான்.

இங்கிருந்து வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். பழைய ஓய்மாநாட்டுக் கரை இது. அந்நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. உமணர் எனும் உப்பு வணிகர்களின் வண்டியோடு, அவர்கள் பிள்ளை போலவே வந்த ஒரு மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தை அடைத்து, உமணப் பெண்களான உமட்டியர் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. நடப்பது என்னவோ கொற்கையில்தான். பிள்ளைகளைப் பெற்றவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பாட்டு சொல்லவில்லை. உப்பு வேலையில் இருந்திருப்பாள் என்றே எனக்குப் படுகிறது.

ஏனென்றால் உப்பளம் இன்றைக்கும் அப்படித்தான். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கியாக வேண்டும். அம்மா இருட்டோடு கிளம்பிவிட்டால் கைக்குழந்தை யார் இடுப்பில் இருக்கும்? மூத்த பெண்ணின் இடுப்பில். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியைக் கொண்டுவந்து அந்த இடுப்பின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கியது. ஆனால் அதற்குமுன் வளர்ந்த பெண்கள் பலர், குழந்தையாக இருந்து முடிப்பதற்குள் தாயாகிவிட்டவர்கள். அப்படிப்பட்ட ஒருத்தி பின்னாளில் தன் மகள் அழும்போது, “இதுக்கெல்லாமா அழுவ? உன் வயசுல நான்...” என்று ஆரம்பிக்கிறாள். அதை அதட்டலாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அந்த வாக்கியத்தை அவள் முடிக்க யாரும் விட்டதில்லை.

முடிக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க்கும் அவர் குழுவினரும் 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘குழந்தையின் அறையில் பேய்கள்’ என்பது தலைப்பு. ஐந்தரை மாதக் குழந்தை வீரிட்டு அழுகிறது. தாய் காதில் விழாதவள்போல் உட்கார்ந்திருக்கிறாள். கல்மனசுக்காரி என்று நாம் சொல்லியிருப்போம். அவர்களோ, ‘இந்தத் தாயின் அழுகையை யார் கேட்காமல் விட்டார்கள்?’ என்று கேட்டுக்கொண்டார்கள். தாயால் கைவிடப்பட்டு, உறவினர் கை மாறி வளர்ந்தவள் அவள். பேச ஆளும் நேரமும் கிடைத்தபோது அழுதாள். அழுத பிறகு, யாரும் சொல்லாமலேயே குழந்தையை வாரி அணைத்தாள்.

பத்தாண்டு கழித்து உளவியலாளர் மேரி மெய்னும் அவருடைய சகாக்களும் பெர்க்லியில் ஒரு நேர்காணல் முறையை வகுத்தார்கள். அம்மாவோடு இருந்த உறவைச் சொல்ல ஐந்து சொற்கள் கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்ச்சி. ஒருத்தி ‘தங்கமான அம்மா’ என்பாள். நிகழ்ச்சி கேட்டால் ஒன்றும் வராது. இன்னொருத்தி அடியும் பட்டினியுமாக வளர்ந்திருப்பாள், ஆனால் கோர்வையாகச் சொல்வாள். இந்த இரண்டாமவளின் பிள்ளைதான் பெரும்பாலும் நிம்மதியாகத் தாயிடம் ஒட்டியது. 1991இல் லண்டனில் உளவியலாளர் ஃபோனகியின் குழுவினர் கர்ப்பிணிகளிடமே இந்தக் கேள்விகளைக் கேட்டுவைத்தார்கள். பிறக்காத குழந்தை ஒரு வயதில் தாயிடம் எப்படி இருக்கும் என்பதை ஏறக்குறைய 75 சதவீதம் சரியாகக் கணிக்க முடிந்தது. வளர்ப்பு தலையெழுத்தாக இறங்குவதில்லை. அதைத் தாய் எப்படிச் சொல்கிறாள் என்பதன் வழியாக இறங்குகிறது.

நேர்காணல் படிவத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டுமா? எனக்குத் தயக்கம். மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக் தமிழ்க் குடும்ப அன்பைப் பற்றி 1990இல் எழுதிய நூலில், நம் தாய் தன் அன்பை அடக்கி மறைத்துவைப்பதைக் கண்டு எழுதினார். ஆசையோடு உற்றுப் பார்த்தால் பெற்றவள் கண்ணே பட்டுவிடும். பிழைத்துக் கிடக்கட்டும் என்று பிள்ளைக்குக் குப்பன் என்று பெயர் வைத்த ஊர் இது. அந்தப் பெயரை வெறுப்புக் கணக்கில் எழுதிவிடும் படிவம் நமக்கு எதற்கு?

நம்மிடம் வேறு ஏடுகள் உண்டு. தாலாட்டைக் கேளுங்கள்: மடியில் கிடக்கும் பிள்ளைக்குப் பாடுவதாகப் பெயர், பாட்டு முழுக்க மாமன் வருகிறான், மாமன் சீர் வருகிறது. மாமன் என்றால் அவளுடைய அண்ணன் தம்பி. அவள் பாடுவது தன் பிறந்த வீட்டை. ஒப்பாரியில், செத்துப்போன தாயிடம் மகள் தன் குறையையெல்லாம் சொல்லி அழுகிறாள், ஊரே கேட்கிறது. ஆனால் தாய் சாகும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். நாட்டார் வழக்காற்றியலாரும் உளவியலாரும் இவற்றை ஒரே மேசையில் வைத்துப் படித்து நான் பார்த்ததில்லை. அந்த மேசையை இன்று போட்டிருக்கிறோம்.

காலையில் பின்வரிசைப் பாட்டி ஒருவரிடம் தாலாட்டுப் பாடுவீர்களா என்று கேட்டேன். “எது வேணும்? எங்கம்மா பாடுனதா, நான் பாடுனதா?” என்றார். ரெண்டும் வேறயா பாட்டி என்றேன். “மாமன் பேரு மாறுமில்ல” என்றார். அச்சிட்ட நிரலில் முதல் கட்டுரை வேறு. கட்டுரையாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாட்டிக்கு ஒலிவாங்கியைக் கொடுங்கள்.