மாணவர் கையில் ஒளியும் ஒலியும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா நினைவாக நம் மாணவர்கள் ஒரு பாடலைத் தாங்களே இயற்றி, தாங்களே பாடி, அதற்குக் காணொளியும் எடுக்க விரும்புகிறார்கள். அதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். "விழா என்றால் கொடியேற்றம் உண்டு, சப்பரம் உண்டு, அசனம் உண்டு, இந்தச் சினிமா வேலை எதற்கு?" என்று பெரியவர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

புதிய கருவி எதுவானாலும் அதை நற்செய்திப் பணிக்கு எடுத்துக்கொள்வது நம் முன்னோர் வழக்கம். தமிழ் எழுத்துகளில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது எது? 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க மறைக்கல்வி நூல். அதைத் தந்தவர் அண்டிரிக் அடிகளார். அன்று அச்சுப்பொறி புதுமை, இன்று கைப்பேசி. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. 2006இல் தம் 15ஆம் வயதில் மறைந்த கார்லோ அக்குதிஸ் என்ற இத்தாலியச் சிறுவன், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருச்சபை அவனைப் புனிதன் என்று அறிவித்தது. ஆகவே, கருவியைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அதை எப்படிக் கையாளுகிறோம் என்பதே கேள்வி.

மாணவச் செல்வங்களே, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். காணொளிக்கும் அதுவே முதல் பாடம். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், முதலில் உட்காருங்கள்.

பாடல்தான் அடித்தளம். படம் பிடிக்கும் முன்பே பாடல் முழுமையாகப் பதிவாகி இருக்க வேண்டும். கோயிலுக்குள் பதிவு செய்தால் எதிரொலி சொற்களை விழுங்கிவிடும். ஒரு சிறிய அறையில், சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திப் பாடுங்கள். பதிவு செய்யவும் திருத்தவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும்.

அடுத்துக் கணக்கு. உங்கள் பாடல் நிமிடத்திற்கு 80 தட்டு வேகத்தில், நான்கு தட்டுக்கு ஒரு தாளக்கட்டாகச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளக்கட்டு 3 விநாடி. மூன்று நிமிடப் பாடலில் 60 தாளக்கட்டுகள். இரண்டு கட்டுக்கு ஒரு காட்சி மாறினால் மொத்தம் 30 காட்சிகள் வேண்டும். இப்போது வேலையின் அளவு கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? இணையத்தில் எல்லாரும் ஒருங்கே திறந்து எழுதக்கூடிய ஓர் அட்டவணையை உருவாக்குங்கள். காட்சி எண், பாடல் வரி, இடம், நேரம், யார் வரவேண்டும், என்ன பொருள் வேண்டும் என்று 30 வரிகளையும் நிரப்புங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் ஒரு சிறு கோட்டுப்படம் வரையுங்கள். ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆள் எங்கே நிற்கிறார், கைப்பேசி எங்கே இருக்கிறது என்பது புரிந்தால் போதும். பிறகு ஒரே இடத்தில் எடுக்க வேண்டிய காட்சிகளைச் சேர்த்து எடுங்கள். கல்லறைத் தோட்டத்திற்கு மூன்று முறை அலைய வேண்டாம்.

படம் பிடிக்கும் நாளில் பதிவான பாடலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து வாய்விட்டுப் பாடுங்கள். வெறுமனே உதட்டை அசைத்தால் கழுத்தும் கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒருவர் ஓங்கிக் கைதட்டட்டும். தொகுக்கும்போது படத்தையும் பாடலையும் பொருத்த அந்த ஓசை உதவும். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து, முக்காலியில் நிறுத்துங்கள். அழைப்புகள் குறுக்கிடாதபடி விமானப் பயன்முறையில் வையுங்கள். வெளியே எடுப்பதானால் காலை வெயிலும் மாலை வெயிலும் முகத்திற்கு நல்லவை. உச்சி வெயில் கண்ணுக்கடியில் குழி விழுத்தும்.

உள்ளே குழல் விளக்கில் எடுத்தால் படத்தில் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. எனவே விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. விநாடிக்கு 25 படம், ஒவ்வொரு படத்திற்கும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஒளி என்று அமைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

எடுத்ததை அன்றிரவே மூன்று பிரதிகளாக்குங்கள். அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். தொகுப்பதற்கு ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன. முதலில் பாடலை வைத்து, அதன்மேல் காட்சிகளைத் தாளத்திற்கேற்ப அடுக்குங்கள். முடிவில் பாடல் வரிகளைத் தமிழிலேயே அடியில் இடுங்கள். செவித்திறன் குறைந்த நம் சகோதர சகோதரிகளும் பாடலில் பங்குபெற அதுவே வழி.

இனி, இவற்றைவிட முக்கியமான சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, உரிமை. பிறருடைய பாடலைத் திருப்பலியில் பாடுவது வேறு, காணொளியாக்கி வெளியிடுவது வேறு. உண்மையான சமய வழிபாட்டில் பாடுவதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. காணொளிக்கு அந்த விலக்கு நீளாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலை இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. சொந்தப் பாடலே இயற்றத் துணிந்தீர்கள் என்பதால் உங்களைப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது, பெற்றோரின் அச்சம். "என் மகள் பாடட்டும், ஆனால் அவள் முகம் ஊரெல்லாம் சுற்றக்கூடாது" என்று ஒரு தாய் சொன்னால் அதைப் பத்தாம்பசலித்தனம் என்று ஏளனம் செய்யாதீர்கள். இணையத்தில் ஏறிய படத்தை முழுமையாகத் திரும்ப அழைக்க எவராலும் இயலாது. ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் இசைவு பெறுங்கள். அந்தப் பிள்ளையின் மனத்தையும் கேளுங்கள். முகம் வேண்டாம் என்றால் கைகளை எடுங்கள், ஆர்மோனியத்தின் மேல் விரல்களை எடுங்கள், கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றும் நிழலை எடுங்கள். பெற்றோர்களே, நீங்களும் ஒரேயடியாக மறுத்துவிடாதீர்கள். வீட்டில் அடக்கிய ஆசை மறைவில் வேறு வழி தேடும்; பங்கில் பலர் முன்னிலையில் மலரட்டும்.

மூன்றாவது, யார் கையில் விலையுயர்ந்த கைப்பேசி இருக்கிறதோ அவரே தலைவர் என்று ஆகிவிடக்கூடாது. கைப்பேசியே இல்லாத மாணவனுக்குத் தாளமும் கணக்கும் நன்றாக வரலாம். அட்டவணையை அவன் கையில் கொடுங்கள். தாலந்துகளைப் புதைத்துவைக்க நாமே காரணமாக வேண்டாம்.

நான்காவது, செயற்கை நுண்ணறிவு. இன்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இயந்திரமே பாடலும் பாடும், முகமும் வரையும். 2024ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இதையே பொருளாக எடுத்துக்கொண்டார். திட்டமிட, பிழை பார்க்க அதன் துணையை நாடுங்கள். ஆனால் பொன்விழாவுக்கு இறைவன் கேட்பது உங்கள் குரலை. சுருதி சற்று விலகினாலும் அது நம் பிள்ளையின் குரல்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தவக்காலத்தில் பசாம் பாடல்களை ஏடு பார்க்காமலே பாடத் தெரிந்த பாட்டிமார், உபதேசியார் வழி வந்த தாத்தாக்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அந்த மெட்டுகள் பல எந்தச் சுவடியிலும் இல்லை. அவர்கள் மூச்சில்தான் இருக்கின்றன. உங்கள் காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை ஒரு மாதத்தில் மறந்துபோகும். அதே கைப்பேசியால், அதே அறையில், அந்தப் பெரியவர்களை அமரவைத்து அவர்கள் பாடுவதைப் பதிவு செய்து பங்கு இல்லத்தில் சேர்த்துவையுங்கள். நூற்றாண்டு விழா கொண்டாடப்போகும் பிள்ளைகள் அதைக் கேட்டு உங்களை வாழ்த்துவார்கள்.

நல்ல முயற்சியை ஆண்டவர் நிறைவாக ஆசீர்வதிப்பாராக! வாழ்க நம் பங்கு!