உபயகாரருக்கு நாம் காட்டும் கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்பவர் தாம் கொடுத்த பொருளின் பயனை அன்றிரவே கண்ணாற் காண்கிறார். சாத்துப்படியைக் காண்கிறார், மேளத்தைக் கேட்கிறார், பிரசாதம் பெற்றுச் செல்கிறார். ஆனால், எமது சங்கத்தின் தொழில் வழிகாட்டற் பணிக்குப் பொருளுதவி செய்பவர் எதைக் காண்பார்? ஓர் இளைஞன் தக்க தொழிலில் நிலைபெறப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை அவருக்கு நாம் எதைக் காட்டுவது?

சென்ற ஆண்டறிக்கையிலே கருத்தரங்குகளையும், வந்தோர் தொகையையும், நிழற்படங்களையும் காட்டினோம். அதனைப் படித்த பெரியவர் ஒருவர், "தம்பிமார், எத்தனை பிள்ளையள் வந்தவை எண்டு எழுதியிருக்கிறியள். வந்ததாலை ஆருக்கு என்ன மாறினது?" என்று கேட்டார். விடை சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வெட்கத்தோடு வீடு வீடாகச் சென்று விசாரித்தோம். நாம் பெருமையோடு எடுத்துக்காட்டிய ஒருவன் மின்வேலை பயில்கின்றான். அவனோ, "மாமா முதலே இடம் பாத்து வைச்சவர், அண்ணை, உங்கடை கூட்டத்துக்குச் சும்மா வந்தனான்" என்றான். மற்றொருத்தி, க.பொ.த. சாதாரண தரத்திற் சித்தியடையாது வீட்டில் முடங்கியிருந்தவள். தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளைக் கொண்டதென்றும், ஏழாம் படி பட்டத்துக்குரியதென்றும் எம்மிடமே முதன்முதல் அறிந்தாள். தந்தையின் தயக்கத்தையும் வென்று இன்று பயிற்சி பெறுகிறாள். எமது அறிக்கையிலோ இருவரும் ஒரே கணக்கு!

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் 2011 ஆம் ஆண்டு தோன்றிய '80,000 மணித்தியாலங்கள்' என்னும் தொழில் வழிகாட்டல் நிறுவனமும் இக்கேள்வியை எதிர்கொண்டது. வாரத்துக்கு 40 மணித்தியாலம், ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டு என ஒருவரின் உழைப்புக் காலத்தைப் பெருக்கிப் பெற்ற தொகையே அதன் பெயர். வாசித்தோர் தொகையோடு அமையாது, தன் ஆலோசனையால் தொழில் எண்ணத்தை மாற்றிக்கொண்டோர் எத்தனைபேர் என்பதையே அது தொடக்க ஆண்டுகளில் முக்கிய அளவுகோலாகக் கொண்டது. நாம் இல்லாதிருந்தால் இவர் என்ன செய்திருப்பார் என்பதே அதன் உள்ளுறை வினா.

நாமும் அவ்வாறே செய்வோம். வரும் ஒவ்வொருவரும் முன்னரே கொண்டுள்ள எண்ணத்தைப் பேச்சுத் தொடங்குமுன் எழுதி வாங்குவோம். ஓராண்டின் பின் தேடிச்சென்று மீண்டும் கேட்போம். பயிற்சியை இடையிலே கைவிட்டோரையும், எம் சொல்லால் வழிதவறியோரையும் மறையாது எழுதுவோம்.

பெரியோர்களே! இனி எம் அறிக்கையிலே தொகை சிறுக்கலாம். அது கண்டு கையை மடக்கிவிடாதீர்கள். இளைஞர்களே! தொகையைப் பெருப்பித்துக் காட்டிப் பணம் பெறலாம். ஆனால் எம் பிழை எமக்கே தெரியாமற் போய்விடும். அதற்கு விலை கொடுப்பவர் எம்மை நம்பிவந்த பிள்ளைகளே. பொருள் தந்தவருக்குக் காட்டும் கணக்கு, அப்பிள்ளைகளுக்கு நாம் காட்டும் கணக்குமாகும்.