பழைய சலூனும் பந்தயப் பாதையும்

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு வேறொரு முகம் வந்துவிடுகிறது. கிரகரி ஏரிக்கரையிலே மக்கள் வெள்ளம். ஒருபுறம் குதிரைப் பந்தயம், மறுபுறம் மலர்க் கண்காட்சி. விடுதிகளில் ஓர் அறைகூடக் கிடைப்பதில்லை. அந்தப் பருவத்திலே நகரை ஒட்டிய மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் இன்னுமொரு கூட்டம் கூடுவதுண்டு. அஃது இயந்திரங்களின் ஓசையைக் கேட்க வந்த கூட்டம். 1934ஆம் ஆண்டிலே அங்கு முதன்முதல் நடத்தப்பட்ட மலையேற்றக் கார்ப் போட்டி, இடையிடையே தடைபட்டபோதிலும், இலங்கை மோட்டார்ப் போட்டிகளுள் மூத்தது என்ற பெயரைப் பெற்றிருக்கிறது.

மலையேற்றப் போட்டியின் முறை எளியது. கார்கள் கூட்டமாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக, நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, வளைவுகளைக் கடந்து உச்சியை அடைய வேண்டும். எதிராளி கடிகாரம் ஒன்றே. ஒரு வளைவிலே செய்த பிழையை அடுத்த சுற்றிலே ஈடுசெய்துகொள்ளலாம் என்ற ஆறுதலும் இங்கு இல்லை. அடுத்த சுற்று என்பதே கிடையாது.

இவ்வாறு ஏறும் கார்களுட் சில, பெரும் பொருட்செலவில் தொழில்வல்லார் ஆக்கியவை. வேறு சில, வீட்டு முற்றத்திலே தகரக் கூரையின் கீழ், வேலைநாள் முடிந்த மாலைகளிலே, பழைய சலூன் கார் ஒன்றைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவை. பெரியவர்கள் இதனைப் பித்து என்பார்கள். பித்துத்தான். ஆயினும் இந்தப் பித்துக்கு ஒரு நல்ல வமிசாவளி உண்டு.

1948ஆம் ஆண்டில் இலண்டனிலே பொறியியல் பயின்றுகொண்டிருந்த கொலின் சப்மன் என்ற மாணவர், பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை எடுத்து, தமக்குப் பிற்காலத்தில் மனைவியாக வாய்த்த பெண்ணின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையிலே அதனை மாற்றிக் கட்டினார். லோட்டஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற பந்தயக் கார்களின் வரிசையிலே முதலாவது அதுவே. நியூசிலாந்திலே புரூஸ் மக்லாரன் என்ற சிறுவனும், தந்தையோடு சேர்ந்து செப்பனிட்ட பழைய ஆஸ்டின் செவனைக் கொண்டுதான் 1952இல் தனது முதற் போட்டியில் இறங்கினான். அதுவும் ஒரு மலையேற்றப் போட்டியே. ஆஸ்டின் செவன் என்பதோ, 1922இலே சிறு குடும்பங்களுக்கென்று வெளிவந்த மலிவான கார்.

மலைநாட்டிலும் இத்தகைய கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. தேயிலை என்றதும் கொழுந்தையும் கூடையையும் மட்டுமே நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையும் ஓர் இயந்திரசாலை. உருளைகள், உலர்த்திகள், சலிப்பான்கள், அவற்றை ஓட்டும் பட்டிகள், அச்சுகள் ஆகிய யாவும் இரவு பகலாக ஓட வேண்டும். கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை பறித்த கொழுந்து காத்திருக்காது. ஆகவே, உடைந்ததை அங்கேயே பற்றவைத்து, தேய்ந்ததை அங்கேயே கடைந்து ஓட்டும் பிட்டர்களின் பரம்பரை ஒன்று தோட்டங்களில் உருவாயிற்று. பிரவுன் கம்பெனி 1875இல் ஹட்டனிலே தொடங்கியதும் தோட்ட இயந்திரங்களின் தேவையை நம்பியே ஆகும்.

இனி, ஹட்டனிலே இயந்திர வேலை அறிந்த இளைஞர் ஒருவர் பழைய சலூன் ஒன்றை வாங்கியிருக்கிறார் எனக் கொள்க. ஒரு காலத்தில் அது வேகத்துக்குப் பேர்போன வகை. 2020ஆம் ஆண்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்திலே பழைய காருக்கும் பொன்விலை ஏறியது. ஆகையால் அவர் கொடுத்த பணம் சிறிதன்று. வீட்டாரின் முகம் கோணியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவர் முதலில் எதைத் தொட வேண்டும்? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இயந்திரம் என்பார்கள். தவறு. இயந்திரம் கடைசி.

முதல் வேலை துருவைத் தேடுவது. பனியும் மழையும் மாறிமாறி நனைக்கும் ஊரிலே, மேற்பூச்சு மினுங்கும் காரின் தரைத் தகடு விரிப்பின் கீழே அரித்துப்போயிருக்கலாம். திருப்புளியின் முனையால் தட்டிப் பார்க்க வேண்டும். கதவின் அடிச்சட்டம், முன்சக்கர வில்லின் தலை பொருந்தும் இடம், பின் அச்சைத் தாங்கும் இடம் ஆகிய மூன்றிலும் தகடு கிண்ணென்று ஒலிக்காமல் பொத்தென்று ஒலித்தால், பணம் போனாலும் போகட்டும் என்று அந்தக் காரைக் கைவிடுவதே உத்தமம். துருப்பிடித்த உடலுக்குப் போட்டிக் காரின் பாரமும் அதிர்ச்சியும் தாங்காது.

உடல் நல்லதாயின், அடுத்தது களைதல். பின்னாசனம், விரிப்பு, கூரைத் துணி, ஓசையை அடக்க ஒட்டிய தார்ப்பாளம் முதலியன எல்லாம் வெளியேறும். எடை குறையும் ஒவ்வொரு கிலோவும் ஏற்றத்திலே விசையைக் கூட்டியதற்குச் சமம். அதிலும் மேலான ஆதாயம், பிரேக்கின் சுமையும் குறைகிறது. கார் ஆக்குவோரே இதனை நன்கு அறிவர். 1992இல் மிட்சுபிஷி நிறுவனம் லான்சர் எவலூஷன் என்னும் சலூனை இரு வகையாக விற்றது. வசதிகள் யாவும் கொண்டது 1240 கிலோ. போட்டிக்காரருக்கென வசதிகளை நீக்கியது 1170 கிலோ. 70 கிலோ என்பது ஓர் ஆளின் எடை. ஆனால் களையும் ஆசைக்கும் ஓர் எல்லை வேண்டும். எரிபொருள் தாங்கிக்கும் ஓட்டுபவருக்கும் இடையே உள்ள தடுப்பைக் கழற்றுவது பெருந்தவறு. அஃது இல்லாத இடத்தில் புதிதாக வைக்க வேண்டும்.

களைந்து வெறுமையான உடலுக்குள் இரும்புக் கூண்டு ஏறுகிறது. கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் ஓட்டுபவரைக் காப்பது அதுவே. இங்கேதான் வீட்டில் கட்டுவோர் பலர் தடுமாறுவர். வன்பொருட் கடையிலே கிடைக்கும் நீர்க்குழாயும் வட்டமாகத்தான் இருக்கிறது, வளைக்கவும் வளைகிறது, விலையும் குறைவு. ஆனால் அது தையலிட்ட குழாய், மோதலிலே பிளந்துவிடும். சர்வதேச விதிகள் கேட்பது தையலற்ற, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய். பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் குறுக்களவும் 2.5 மில்லிமீற்றர் கனமும், அல்லது 50 மில்லிமீற்றர் குறுக்களவும் 2 மில்லிமீற்றர் கனமும் வேண்டும். அதன் பாதம் மெல்லிய தரைத் தகட்டைக் குத்திக்கொண்டு போகாதபடி அகன்ற தகட்டின்மேல் அமர வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: தலைக்கவசம் அணியாதவருக்கு இந்தக் கூண்டே பகை. மோதலிலே வெறுந்தலை இரும்புக் குழாயில் அடிபடும். கூண்டிட்ட காரைச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டித் திரிவது வீரமன்று.

அடுத்து பிரேக். மலைநாட்டு மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நுவரெலியாவிலிருந்து இறங்கும் பஸ்ஸின் சக்கரங்களிலிருந்து எழும் கருகல் நாற்றத்தை முகராதவர் அங்கு இல்லை. 1200 கிலோ எடையுள்ள கார் நூறு மீற்றர் உயரம் இறங்குகையில், அந்த இறக்கத்தை முழுவதும் பிரேக்கே தாங்குமாயின், அங்கு பிறக்கும் வெப்பம் மூன்றரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஏறுவதுதானே போட்டி, இறக்கத்தைப் பற்றி என்ன என்று கேட்கலாம். ஏறிய கார் இறங்கியும் ஆக வேண்டும். தவிர, ஏறும்போதும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வேகத்தை அடக்கியாக வேண்டும். பௌதிகவியல் தேர்விலே சக்திக் காப்பு விதியை ஒப்புவித்துச் சித்தி பெற்றவரும், பிரேக்கின் இரும்புத் தட்டு செந்தணலாய்ச் சிவந்து நிற்பதைக் காணும் அன்றே அவ்விதியை உண்மையாகக் கற்கிறார்.

பிரேக் ஒயிலும் இதிலே சேரும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நான்காம் தரத்து ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைந்த நீர் கலந்தாலே, தரவிதி அதற்கு வற்புறுத்தும் கொதிநிலை 155 பாகைதான். கொதித்த ஒயிலிலே ஆவிக்குமிழி பிறக்கும், ஆவி நசுங்கும், ஓட்டுபவர் மிதித்த மிதி சக்கரத்தைச் சென்றடையாது. பனிமூட்டத்து ஊரிலே திறந்துவைத்த பழைய தகரத்து ஒயிலை மீண்டும் ஊற்றுவோர் இதனை எண்ண வேண்டும். 1961இல் மினி கூப்பர் வெளிவந்தபோது, இயந்திரத்தின் வலிமையை 34 குதிரைவலுவிலிருந்து 55 ஆகக் கூட்டியவர்கள், முன்சக்கரங்களுக்குத் தட்டு பிரேக்கையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தச் சிறு கார் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டே கார்லோ ராலியை வென்றதிலே அந்தத் தட்டுகளுக்கும் பங்குண்டு.

இவ்வளவும் முடிந்த பிறகே இயந்திரம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அமுக்கம் கொழும்பிலிருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. காற்று மெலிந்தால் இயந்திரத்தின் மூச்சும் மெலியும். கொழும்பிலே 100 குதிரைவலு காட்டியது இங்கு ஏறத்தாழ 80தான் காட்டும். பழைய கார்புரேட்டர் கார் ஒன்றைத் தாழ்நிலத்திலே சரிசெய்து அப்படியே மேலே கொண்டுவந்தால், காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் சென்று கரும்புகை கக்கும். அதற்கென ஜெட்டையோ ஊசியையோ மாற்ற வேண்டும். டர்போ பூட்டிய கார் காற்றைத் தானே அமுக்கி ஊட்டிக்கொள்வதால் இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். மலையிலே அவ்வகை கோலோச்சுவதன் இரகசியங்களுள் இது ஒன்று. தண்ணீரும் இங்கு சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால் அமுக்கத்தைத் தாங்கிப்பிடிக்கும் ரேடியேட்டர் மூடி பழுதாயிருந்தால், குளிர்ந்த நகரிலும் கார் கொதித்து நிற்கும். சில நூறு ரூபாயோடு முடிய வேண்டியது ஓர் இயந்திரத்தையே விழுங்கிவிடும்.

பாகங்களைத் தேடிப் பஞ்சிகாவத்தைக்கும் ஹட்டனுக்குமாக அலைந்த கதையையும், கடனையும், விடுமுறை நாட்கள் கரைந்ததையும் இங்கு விரிக்காமல் விடலாம். அவை எல்லார்க்கும் பொது. ஆனால் வீட்டிலே கட்டுபவருக்கு மட்டுமே உரிய ஓர் இடர் உண்டு. தொழிற்சாலையிலே ஒருவர் இறுக்கிய போல்ட்டை இன்னொருவர் சோதிப்பார். முற்றத்திலே அந்த இன்னொருவர் இல்லை. இரவு பதினொரு மணிக்கு, குளிரிலே விரல் விறைத்த நிலையில், சக்கரத்தின் உட்புறம் ஒரு நட்டை அரைகுறையாக இறுக்கிவிட்டு, நாளைக் காலை பார்த்துக்கொள்வோம் என்று விளக்கை அணைப்பவர், மறுநாட் காலை அதை மறந்துவிடலாம். இதற்காகவே அனுபவசாலிகள் இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின்மேலும் வண்ணக்கோடு ஒன்று இழுப்பார்கள். கோடில்லாத நட்டு முடியாத வேலை. கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. ஒரு புட்டி மையின் செலவுதான்.

அந்த நட்டு ஓட்டுபவரின் உயிரை மட்டும் தாங்கவில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் நாள், தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்திலே கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுக் குழந்தையும் ஒன்று. இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். விடுமுறைக் காலத்திலே பிள்ளைகளைக் கைப்பிடித்து வந்த குடும்பங்கள் அவை. காருக்கும் கூட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது போட்டி நடத்துவோரின் கடமை. அதற்குள் காரை நிறுத்தத்தக்க நிலையில் கொண்டுவருவது கட்டியவரின் கடமை. வளைவின் வெளிப்புறத்திலே நின்று பார்ப்பதில்லை என்று முடிவுசெய்வது பார்க்கப் போகிறவரின் கையில் இருக்கிறது. நம் மக்கள் அந்த இடத்தைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். கார் நன்றாகத் தெரியுமாம்!

ஹட்டன் இளைஞரின் கார் ஒருவாறு முடிந்து, தலவாக்கலை, நானுஓயா வழியாக லொறியொன்றின் முதுகிலே நுவரெலியா வந்து சேர்கிறது எனக் கொள்க. தன் சக்கரத்தால் ஓடிவர அதற்கு உரிமை இல்லை. அது போட்டிப் பாதைக்கு மட்டுமே ஆனது. போட்டிக்கு முன் சோதனையாளர் வருகிறார். இயந்திர மூடியைத் திறக்கச் சொல்லி ஒரு கணமே பார்க்கிறார். பின்பு காரை உயர்த்தச் செய்து, சக்கரத்தை இருகையாலும் பற்றி ஆட்டுகிறார், கூண்டின் ஒட்டுகளைத் தடவுகிறார், பட்டியை இழுக்கிறார், தீயணைப்பான் கைக்கு எட்டுகிறதா என்று தாமே ஆசனத்தில் அமர்ந்து பார்க்கிறார். இறுதியாகப் பிரேக் குழாய் ஒன்று உட்சக்கரத்தில் உரசிய தடத்தைக் கண்டு, விரலால் சுட்டிக்காட்டுகிறார். இளைஞரின் முகம் கறுக்கிறது. மாலைக்குள் புதிய குழாய் கிடைக்குமா என்று அவர் நண்பர்கள் கடைவீதியை நோக்கி ஓடுகிறார்கள். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டு, காரின் கீழே முட்டுகளை வைக்கத் தொடங்குகிறார்.