கறுத்த ஜரிகையைத் தேய்க்காதீர்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பட்டு ஊரில் குடியிருக்கிறோம். நம் வீட்டுப் பீரோக்களில் அம்மாவோ பாட்டியோ கட்டிய காஞ்சிப் பட்டு ஒன்றாவது இருக்கும். "ஜரிகை கறுத்துப் போச்சு, பழைய பளபளப்பு வருமா?" என்று நம்மில் பலரும் கேட்கிறோம். இன்னொரு பக்கம், பழைய பட்டுச் சேலைக்குப் பணம் தருகிறோம் என்று தெருவில் குரல் கேட்கிறது. வெள்ளி விலை ஏற ஏற அந்தக் குரலும் கூடுகிறது. இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஜரிகை என்றால் என்ன என்று பார்ப்போம். நடுவில் ஒரு பட்டு நூல், பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியது. அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அந்த வெள்ளியின் மேல் பொன் பூச்சு. மொத்த எடையில் பொன் ஒரு சதவீதம்கூட இராது. நெடுங்காலம் சூரத்திலிருந்து வந்த ஜரிகையை நம் ஊரிலேயே தயாரிக்க 1971இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் தொடங்கப்பட்டது.

பொன் கறுக்காது. ஆனால் பூச்சு மிக மெல்லியது என்பதால், அடியில் உள்ள வெள்ளிக்குக் காற்றும் வியர்வையும் எட்டிவிடுகின்றன. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். இந்தக் கறுப்பு மேலே ஒட்டிய அழுக்கு அல்ல. வெள்ளியே அப்படி மாறியிருக்கிறது. புளி, எலுமிச்சை, பற்பசை, சமையல் சோடா போட்டுத் தேய்த்தால் கறுப்போடு பொன்னும் போய்விடும். வெள்ளிப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல் அலுமினியத் தாளும் சோடாவும் போட்ட வெந்நீரில் முக்கினால், காரம் பட்டையே அரித்துவிடும்.

ஆகவே, சேலையைக் கையில் எடுத்ததும் என்ன கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, கறுத்திருக்கிறது, ஆனால் நூல் உறுதியாக இருக்கிறது. நல்ல உலர் சலவைக்காரரிடம், ஜரிகைச் சேலை என்று சொல்லிக் கொடுங்கள். ரோல் பாலிஷ் போட்டால் சுருக்கம் நீங்கி மினுமினுப்புக் கூடும். போன பொன் அதில் திரும்பி வராது. அப்படி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டு, மடிப்பு விளிம்பில் பொன் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. இதற்கு மேல்பூச்சு போட வழியில்லை. முலாம் பூசும் ரசாயனத் தொட்டியைப் பட்டு தாங்காது. பொன் நிற ஸ்ப்ரே அடித்தால் நூல் விறைத்து, மடிக்கும் இடத்தில் வெடிக்கும். தேய்ந்தது தேய்ந்ததாகவே இருக்கட்டும். மேலும் தேயாமல் காப்பதுதான் நம்மால் முடிந்தது.

மூன்று, உடல் பகுதி மடிப்பில் கிழிகிறது, கரை மட்டும் உறுதியாக இருக்கிறது. கரையை எடுத்துப் புதிய பட்டில் வைத்துத் தைக்கலாம். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் ஊடை நூலால் பின்னி இணைந்திருக்கும். சரியாக இணைப்பில் வெட்டினால் பிரிந்துவிடும். உடல் பக்கம் ஒரு விரல் அகலம் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள்.

இனி விற்பனை. பணத் தேவைக்கு விற்பதில் தவறே இல்லை. ஆனால் வாசலில் வைத்து, மதிப்பு தெரியாமல் விற்காதீர்கள். முந்தானை ஓரத்தில் தொங்கும் ஒரு ஜரிகை இழையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பட்டு நூலும் மேலே வெள்ளிச் சுற்றும் இருந்தால் அசல் என்பதற்கு நல்ல அடையாளம். உலோகத்தைச் சுரண்டினால் செம்பு நிறம் தெரிந்தால் அது செம்பு ஜரிகை. பற்றவைத்தால் உருகி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக் கலந்தது. ஊரில் ஜரிகையை எக்ஸ்ரே கருவியில் சோதித்துத் தருகிறார்கள். சேலைக்கு இவ்வளவு என்று பேசாமல், வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாங்கிய சேலையை எரித்துத்தான் வெள்ளியைப் பிரிப்பார்கள். பட்டோடு அதன் கரையும் சாம்பலாகிவிடும். மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு என்று எத்தனையோ கரைகள் உண்டு. பழைய கரை ஒன்றைத் திரும்ப நெய்ய விரும்பும் நெசவாளருக்குச் சேலைதான் மாதிரி. விற்பதானாலும் முன்பக்கம், பின்பக்கம், முந்தானை மூன்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஒரு சாண் கரையை வெட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வைத்திருக்கப் போகிறவர்களுக்குச் சில பழக்கங்கள்:

கருட சேவைக்கோ கல்யாணத்துக்கோ கட்டிய சேலையை வியர்வையோடு மடிக்காதீர்கள். நிழலில் ஓர் இரவு காற்றாட விடுங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம்.

சேலையின் மேல் சென்ட் அடிக்காதீர்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதில் கந்தகம் உண்டு. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

நம் அடுக்கு வீடுகளில் பீரோவைக் குளியலறைச் சுவரோடு ஒட்டி வைப்பது வழக்கம். ஈரம் அந்தச் சுவர் வழியாகத்தான் வருகிறது. ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நம் காலாண்டு மடல் வரும் நாளையே அதற்கான நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் கறுத்த ஜரிகை ஒரு குறையல்ல. அந்தச் சேலையைக் கட்டியவர்கள் வாழ்ந்த வாழ்க்கையும் அதில் சேர்ந்திருக்கிறது.